மூன்று பவுண்டு காற்று

வடகோடிக் கடலோர ஊரான க்ராகவீக்கில் பள்ளிக்கூட வண்டி ஓட்டும் ஹெர்தீஸ், பனிக்காலம் வந்துவிட்டால் காபி குடிப்பதற்கு முன்னால் டயரைப் பார்த்துவிடுவாள். வண்டி ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றிருக்கும். அதை ஓர் அடி நகர்த்துவதற்கு முன்பே குனிந்து, ஒவ்வொரு வால்விலும் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். முந்தின நாள் பனி கொஞ்சம் இளகி, இன்று மறுபடி உறைந்திருந்தால் காற்று இறங்கியிருக்கும். டயரில் ஓட்டை ஒன்றும் இருக்காது. உள்ளே இருக்கிற காற்றே குளிரில் சுருங்கியிருக்கும். குறைந்ததை ஏற்றிய பிறகுதான் பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்புவாள். சூடான கொட்டகைக்குள் நிறுத்தி அளந்துவிட்டு வெளியே கிளம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. "உள்ள பாத்த கணக்கு உள்ளயே நின்னுரும். வெளிய உங்கூட வராது" என்பாள்.

அவள் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் பக்கத்து ஃபியோர்டில் பிறந்தவள். கணவன் கெட்டில் மீன்பிடி இழுவைப் படகில் சமையல்காரன், மாதத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பான். பிள்ளைகள் இரண்டு பேரும் தெற்கே படிக்கப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து பின்னல் போடுகிற பொறுமை ஹெர்தீஸுக்கு இல்லை. ஒரு வருஷம் ஊர் மீட்புக் குழுவுக்காகப் புத்தாண்டுப் பட்டாசு விற்கப் போனாள். அந்தக் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பட்டாசு விற்று வருவதுதான் அதன் டீசலும் கயிறும். விற்பனை முடிந்த அன்று குழுவின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஊரைவிட்டுப் போவதாகச் சொல்லி, சாவியை மேஜையில் வைத்தான். பக்கத்தில் நின்றவள் இவள். "பள்ளிக்கூட வண்டி ஓட்டறவதானே, நீயே வச்சுக்கோ" என்றார்கள். அப்படித்தான் அந்த ஜீப் அவள் கைக்கு வந்தது. டயர் ஒவ்வொன்றும் அவள் இடுப்புயரம்.

ஆழமான பனியில் ஜீப் போக வேண்டுமானால் டயரிலிருந்து காற்றை இறக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது என்பதுதான் அந்த வட்டாரத்து ஆட்கள் வாழ்நாள் முழுக்கப் பேசித் தீராத பேச்சு. ஹெர்தீஸ் தாராளமாக இறக்குகிற கட்சி. எதிர்க்கட்சிக்குத் தோர்கில்ஸ்.

தோர்கில்ஸ் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துவரும் லாரியின் டிரைவர். மலைக்கு மேலே ஆளில்லாமல் பரந்து கிடக்கும் மேட்டுவெளி தொடங்குகிற இடத்தில், ஹோல் பண்ணையில் தனியாக இருந்தான். கொஞ்சம் ஆடுகள் வைத்திருந்தான். ஹெர்தீஸ் வயதுதான் அவனுக்கும், ஐம்பதைத் தாண்டியவன். டயர் கல் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அவன் ஓட்டியது பனி வாரிய சாலையில். மேலே மிஞ்சிக் கிடக்கும் பனிச்சேற்றைக் கிழித்துக்கொண்டு டயர் தரையைப் பிடித்தாக வேண்டும், அதற்கு விறைப்பாக இருப்பதுதான் சரி. ஹெர்தீஸ் குழுவின் ஜீப்பை எடுத்துப்போனது சாலை எங்கே என்றே தெரியாத இடங்களுக்கு. அங்கே தரையைத் தேடிப் போனால் புதைந்துவிடும். பனியின் மேலேயே அகலமாகப் பரவி நிற்க வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரி. ஆனால் பெட்ரோல் நிலையத்தில் காபிக் கோப்பையோடு நிற்கும்போது யார் அதையெல்லாம் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்.

நடுப்பனிக்கால விருந்தில் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டலடித்துப் பாட்டுக் கட்டுவார்கள். ஒரு வருஷம் தோர்கில்ஸ் எழுந்து நின்றான். வேகவைத்த ஆட்டுத்தலைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான்:

"ஹெர்தீஸ் ஓட்டும் வண்டியிது உருளாது, தவழ்ந்திடும்;
டயரைவிட்ட காத்தெல்லாம் அவ வாயில் போய்ச் சேர்ந்திடும்."

கூடம் அதிர்ந்தது. ஹெர்தீஸும் சிரித்தாள். "அவன் காத்த இறக்க மாட்டான். எதுலயும் இறங்கி வந்து அவனுக்குப் பழக்கமில்ல" என்று இருந்த இடத்திலிருந்தே பதில் கொடுத்தாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. விரோதம் என்று சொல்ல முடியாது. பார்த்தால் பேசுவார்கள், பேச்சில் ஒரு முள் இருக்கும், அவ்வளவுதான்.

இது நடந்தது அதற்கு அடுத்த வருஷம், ஜனவரியில். நாள் கணக்கில் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. ஹெர்தீஸ் சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஊர் நர்ஸ் சால்வோர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"தோர்கில்ஸ் போன் பண்ணான். நேத்துலேருந்து வயித்து வலியாம். வலது பக்கம், கீழே. காய்ச்சல் வேற. குடல்வால்தான்னு நெனைக்கறேன்."

"நேத்துலேருந்தா? இன்னிக்குத்தான் வாயத் தெறந்தானா?"

"ஆட்டுக்கு வைக்கோல் போட்டுட்டுப் பேசலாம்னு இருந்தானாம். ஹெலிகாப்டர் கேட்டேன். மேகம் தரையத் தொட்டுக் கெடக்கு, வர முடியாதுங்கறாங்க. பனி வாரற வண்டி, ஆஸ்பத்திரி இருக்கற அக்குரேரி பக்கத்துலேருந்து கெளம்பியாச்சு, ஆனா மேட்டுவெளிய அது தாண்டி வரணும்னா நாளைக்கு ஆயிரும்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குவானா?"

சால்வோர் மறுபடி கதவுப் பக்கம் திரும்பினாள். ஹெர்தீஸ் கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவினாள்.

கூட வந்தவன் ஓரி. மீன் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், குழுவில் அவளுக்கு வலது கை. மூன்று பேரும் ஹோல் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. ஸ்ட்ரெச்சரை எடுக்க ஓரி பின்கதவைத் திறப்பதற்குள் தோர்கில்ஸ் தானே கையில் பையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். முகம் பழைய மெழுகு மாதிரி இருந்தது. வந்தவன் அவர்களைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தான்.

"காத்து எவ்வளவு?"

"பன்னெண்டு. மேல ஏறினதும் இன்னும் இறக்கணும்" என்றாள் ஹெர்தீஸ்.

"இன்னுமா. எனக்கு வயிறு மட்டும்தான் கோளாறு. உன் வண்டிக்கு நாலு காலும் வெளங்காது போலிருக்கே."

"ஏறிப் படு. பாட்டு அப்பறம் கட்டலாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் வலி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டான். அப்போதுதான் ஹெர்தீஸுக்குப் பயம் வந்தது. இதுவரை அவன் ஒரு வாயாடி, அவ்வளவுதான். இப்போது அவள் வண்டியில் ஏறுகிற உயிர்.

மேட்டுவெளியில் ஏறியதும் சாலை காணாமல் போயிற்று. மஞ்சள் கம்பங்களின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. வண்டி கொஞ்ச தூரம் திணறிப் போய் முன்பக்கம் இறங்கி நின்றது. ஹெர்தீஸும் ஓரியும் ஆளுக்கொரு பக்கம் இறங்கி, மண்டியிட்டு, வால்வுகளைத் திறந்தார்கள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஐந்து பவுண்டில் ஒருமுறை மூடிப் பார்த்தாள். போதவில்லை. காற்றில் அடித்துச் சேர்ந்த பனி, மேலே மட்டும் ஏடு கட்டி, கீழே மாவாக இருந்தது. அந்த ஏட்டை உடைக்காமல் போனால்தான் போகலாம். மூன்றுக்கு இறக்கினாள். டயர் நான்கும் தட்டிப் போட்ட மாவு மாதிரி பரந்து படிந்தன.

"மூணு கம்மிதான். ஓரம் சாஞ்சா டயர் ரிம்மவிட்டு வந்துரும்" என்றான் ஓரி.

"தெரியும். வந்தா பாத்துக்கலாம். நாலுல வச்சா முங்கிருவோம்."

ஏறி உட்கார்ந்து மெல்ல மிதித்தாள். வண்டி தன்னைத்தானே தூக்கிக்கொண்டது போல மேலே எழும்பியது. ஏடு உடையவில்லை. ஒரு மனுஷன் நடக்கிற வேகத்தில், சத்தமே இல்லாமல், கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போனார்கள். பின்னால் தோர்கில்ஸ் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரியில் வாழ்நாள் முழுக்க இடிபட்ட முதுகு அது. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாத மாதிரி, "மிதக்குது" என்றான்.

ஹெர்தீஸ் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

ஓரி சொன்னது ஓடைச் சரிவில் நடந்தது. அந்த இடத்தில் சாலை ஒரு பள்ளத்தின் ஓரமாகப் போகிறது, பனி அதைச் சாய்வாக மூடியிருந்தது. குறுக்கே கடக்கும்போது வண்டி கீழ்ப்பக்கம் வழுக்கியது. பின்டயர் ஒன்று ரிம்மைவிட்டுக் கழன்று, பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

சால்வோர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். மற்ற இரண்டு பேரும் பலகை போட்டு ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே இறுகியிருந்த பனியைக் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தோண்டி எடுத்தாள் ஹெர்தீஸ். கம்ப்ரசரைப் போட்டுப் பார்த்தார்கள். ஓரம் படியாததால் காற்று போன வழியே வெளியே வந்துகொண்டிருந்தது. டயரைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கிப் பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை. ஓரி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் இருக்கைக்கு அடியிலிருந்து, குளிரில் இஞ்சினைக் கிளப்பத் தெளிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும் மருந்து டப்பாவை எடுத்தான்.

சால்வோர் ஜன்னலை இறக்கினாள். "என்ன பண்ணப் போறீங்க?"

"டயருக்குள்ள கொஞ்சம் அடிச்சு, நெருப்பு வைக்கணும். பட்டுனு வெடிச்சு ரிம்ல போய் ஏறிக்கும்."

"உள்ள ஆள் படுத்திருக்கான். வெளிய தீ வைக்கறேங்கறீங்க."

உள்ளேயிருந்து தோர்கில்ஸின் குரல் வந்தது. "வைக்கட்டும் சால்வோர். கொஞ்சம் குளிர் விடும்."

ஓரி டயரின் ஓரத்தில் மருந்தை அடித்தான். நிறைய அடித்தால் டயர் போய்விடும், குறைவாக அடித்தால் ஏறாது. அந்த அளவு அவன் கைக்குத் தெரியும். நீளக் கம்பியின் நுனியில் துணியைச் சுற்றிப் பற்றவைத்து நீட்டினான். நீல வெளிச்சம் ஒன்று டயரைச் சுற்றி ஓடியது, அடுத்த கணம் தொம்மென்று ஒரு சத்தம், வண்டியே ஒருமுறை குலுங்கியது. டயர் ரிம்மில் போய் உட்கார்ந்திருந்தது. கம்ப்ரசர் குழாயை ஹெர்தீஸ் உடனே செருகினாள். நெருப்பு அணைந்த இடத்தில் பனி மட்டும் கறுத்திருந்தது. ஓரியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நன்றி சொல்ல அவளுக்கு அப்போது அதற்கு மேல் மூச்சு இல்லை.

சரிவைத் தாண்டி, மேட்டுவெளியின் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியபோது வானிலை மாறியிருந்தது. இந்தப் பக்கம் காற்று இளம்சூடாக அடித்தது. பனி மெலிந்து, சாலை தெரிய ஆரம்பித்தது. அதன் மேல் ஒரு சாண் சேறு, தண்ணீரும் பனியும் கலந்து. சால்வோர் முன்னால் சாய்ந்து அவள் காதருகே சொன்னாள்: "காய்ச்சல் ஏறுது. நாடி ஓடுது. வலி திடீர்னு விட்டுருச்சுங்கறான். அது நல்லதுக்கில்ல, ஹெர்தீஸ்."

ஹெர்தீஸ் மிதித்தாள். டயரில் இன்னும் மூன்று நான்கு பவுண்டுதான். வண்டி சேற்றில் மீன் மாதிரி நெளிந்தது. ஸ்டியரிங் கைக்கு நிற்கவில்லை. நிறுத்தி நான்கு டயருக்கும் காற்று ஏற்றுவதென்றால் நேரம் பிடிக்கும். அந்த நேரம் அவனிடம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

"நிறுத்து" என்றான் தோர்கில்ஸ்.

"பேசாம படு."

"இது உன் பனியில்ல, என் சேறு. டயரு மேல மேல ஏறி வழுக்குது, கீழ இருக்கற ரோட்டத் தொடவே இல்ல. நிறுத்திக் காத்த ஏத்து."

"உனக்கு நேரமில்ல, தோர்கில்ஸ்."

"எனக்குத்தானே இல்ல. நான்தானே சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: "பின்னால பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க இருந்தா இப்பிடி ஓட்டுவியா?"

அவள் கால் மிதியிலிருந்து லேசாக எழும்பியது.

"ஓட்ட மாட்டே. எனக்குத் தெரியும். என்னையும் அதுல ஒரு புள்ளைன்னு நெனச்சுக்கோ."

ஹெர்தீஸ் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தினாள். அவன் சொன்னது ஒன்றும் அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினம் காலையில் பிள்ளைகளுக்காகச் செய்கிற அதே வேலைதான். பயம் வந்து அதை மறைத்திருந்தது. இறங்கிக் கம்ப்ரசரை ஓடவிட்டாள். ஓரி குழாயைப் பிடித்தான். ஒரு டயரை முடித்து அடுத்ததற்கு மாறும்போதெல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டாள். தோர்கில்ஸ் கண்ணை மூடியபடி, கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"இருபத்தஞ்சு."

"இன்னும் கொஞ்சம்."

இருபத்தெட்டு வைத்தாள். அதற்குப் பிறகு வண்டி வேறு வண்டி மாதிரி ஓடியது. டயர் சேற்றைக் கிழித்து இரண்டு பக்கமும் வாரி எறிந்தது, கீழே தரை கரகரவென்று பிடித்தது. நின்றதில் போன நேரம் அடிவாரம் போவதற்குள் திரும்பி வந்துவிட்டது. அங்கே பனி வாரும் வண்டியின் ஆரஞ்சு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் இவர்கள் வருவது தெரிந்து, காலையிலிருந்து சாப்பிடக்கூட இறங்காமல் வழியைத் திறந்துகொண்டே வந்திருந்தான். அவன் பின்னாலேயே ஆம்புலன்ஸ் நின்றது. தோர்கில்ஸை மாற்றினார்கள், சால்வோர் கூட ஏறிக்கொண்டாள், கதவு மூடியது.

குடல்வால் வழியிலேயே உடைந்திருந்தது என்று சாயங்காலம் சால்வோர் போனில் சொன்னாள். வயிறு முழுக்கக் கழுவி எடுத்தார்களாம். பிழைத்துவிடுவான், ஆனால் நாளைக்கு என்று விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்னாராம்.

ஹெர்தீஸ் அப்போது அடிவாரத்துப் பெட்ரோல் நிலையத்தில் ஓரியோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் கையிலும் வெங்காயம் போட்ட ஹாட் டாக். விரல் நுனியெல்லாம் பனியில் தோண்டியதில் வெடித்திருந்தது. போனை வைத்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தாள். அந்த டயரை வாங்கியது பட்டாசுக் காசு. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் புத்தாண்டு ராத்திரி யாரோ ஒருவர் வாணம் கொளுத்தி, அது மேலே போய் வெடிப்பதை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். ஓரியின் கை, சால்வோரின் பிடிவாதம், பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்தப் பனிவண்டிக்காரன். இவர்களில் யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வலியில் கிடந்தபடி தன்னை நிறுத்தச் சொன்னவன். அந்தச் சேற்றில் இன்னும் ஒரு வளைவு அப்படியே போயிருந்தால் நான்கு பேரும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். இவள் அவனைக் காப்பாற்றியதாக ஊர் சொல்லப் போகிறது. அவனும் இவர்களைக் காப்பாற்றினான் என்பது வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"ஆறுது, சாப்புடு" என்றான் ஓரி.

சாப்பிட்டாள்.

தோர்கில்ஸ் ஊருக்குத் திரும்பியபோது பகல் நீண்டிருந்தது. அவன் ஆடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள், ஹெர்தீஸும் பிள்ளைகளை இறக்கிவிட்டு இரண்டொரு தடவை போய் வைக்கோல் போட்டாள். அவன் வந்த செய்தி தெரிந்தும் பார்க்கப் போக அவளுக்குத் தயக்கமாக இருந்தது. போனால் அவன் நன்றி சொல்ல வேண்டிவரும், அவளும் சொல்ல வேண்டிவரும், இரண்டு பேருக்கும் அது வராது.

கூட்டுறவுக் கடையில், தயிர் வைத்திருக்கும் இடத்தில்தான் எதிர்ப்பட்டார்கள். அவன் பாதி ஆளாக மெலிந்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. கையில் கூடையோடு நின்று, அவளைப் பார்த்தான்.

"போன தடவைக்கு நன்றி" என்றான்.

அந்த ஊர்களில் யாரும் யாரையும் மறுபடி பார்த்தால் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான். விருந்தில் சந்தித்தவர்கள் சொல்வார்கள், படகுத்துறையில் கொஞ்சம் பேசியவர்கள் சொல்வார்கள். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது காதில் விழுவதே இல்லை. ஹெர்தீஸ் வாழ்நாளில் எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்றைக்குத் தயிர் டப்பாக்களுக்கு முன்னால் அந்த வார்த்தையின் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக அவளுக்குக் கேட்டது. அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும்தான்.

"உனக்கும், போன தடவைக்கு" என்றாள்.

பின்னால் வந்த ஒரு பெண் தயிர் எடுக்கக் கையை நீட்டியதும் இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள். தோர்கில்ஸ் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"கனமா எதுவும் தூக்கக் கூடாதாம். இதக் கொஞ்சம் வண்டி வரைக்கும் கொண்டுவந்து குடுக்கறியா?"

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். வெளியே வெயில் அடித்தது, சாலையில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் மெதுவாக நடந்தான். அவளும் அவன் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தாள்.